குஞ்சு நடுங்குது... போன் 85 டிகிரி காட்டுது!

‘‘நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 200 விட்டிருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகன், இ.எஸ்.பி 32 கேம் என்ற கேமரா போர்டும் டி.எஸ் 18பி20 வெப்பநிலை சென்ஸாரும் வாங்கி புரூடரில் மாட்டினான். குஞ்சுகளையும் டிகிரியையும் போனிலேயே பார்க்கலாம். சூடு கூடினால் ரிலே பல்புகளை அணைத்துவிடும். நான்கு நாள்கள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் இரவு 85 டிகிரி என்று காட்டி, பல்புகளை அணைத்துவிட்டது. விடிந்து பார்த்தால் ஒன்பது குஞ்சுகள் இறந்துகிடந்தன. சில நேரம் மைனஸ் 127 காட்டுகிறது. வயரை வேறு பின்னில் மாற்றிக் கொடுத்தால் கேமராவே ஆன் ஆகவில்லை. புது சென்ஸார் வாங்க வேண்டுமா?’’

- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

சென்ஸார் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. அதைத் தேடுவதற்கு முன், இன்றைக்கே பல்புகளை ரிலேவிலிருந்து பிரித்து, நேரடி சுவிட்ச்சில் கொடுத்துவிடுங்கள். கோளாறு சரியாகும்வரை குஞ்சுகளைப் பார்த்தே சூட்டை முடிவு செய்யலாம். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்து வரவேண்டும் என்பது கணக்கு. ஆனால், கணக்கைவிடக் குஞ்சுகள் தெளிவாகச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கத்தினால் குளிர். தகட்டு ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரியான அளவு. அந்த இரவில் கேமரா படத்தைப் பார்த்திருந்தால் 85 டிகிரி பொய் என்று உடனே தெரிந்திருக்கும். டிகிரி எண்ணும் படமும் முரண்பட்டால், படத்தைத்தான் நம்ப வேண்டும்.

இனி அந்த எண்கள். 85-ம் மைனஸ் 127-ம் வெப்பநிலை அல்ல, கோளாறுக்கான குறிகள். இந்த சென்ஸாருக்கு மின்சாரம் கிடைத்ததும், முதல் அளவை எடுத்து முடிக்கும்வரை அதன் நினைவில் 85 என்ற எண்தான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென 85 வந்தால், சென்ஸாருக்குப் போகும் மின்சாரம் ஒரு நொடி தொய்ந்து மீண்டும் வந்திருக்கிறது என்று அர்த்தம். அல்லது புரோகிராம் அவசரப்பட்டு, அளவெடுத்து முடிவதற்குள் படித்திருக்கிறது. முழுத் துல்லியத்தில் ஒருமுறை அளக்க இதற்கு 750 மில்லிசெகண்ட், அதாவது முக்கால் நொடி தேவை.

நான்கு நாள்கள் ஒழுங்காக ஓடியதால், இங்கே மின்சாரத்தின் மீதுதான் சந்தேகம் வருகிறது. கேமராவும் வைஃபையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது இந்த போர்டு கூடுதல் மின்சாரம் இழுக்கும். இரவில் படமெடுக்க ஃப்ளாஷ் விளக்கும் எரிந்தால் இன்னும் கூடும். பழைய போன் சார்ஜரும், நீளமான மெல்லிய யூ.எஸ்.பி கேபிளும் அதைத் தாங்காது. 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். கேபிள் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்து வைத்தால் திடீர் தொய்வைச் சமாளிக்கும். மின்சாரம் குறைந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகும் பாதுகாப்பு இந்த போர்டில் உண்டு. அதைப் புரோகிராமில் அணைத்து வைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்பவர்கள் இருக்கிறார்கள். அது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைத்த கதை. மகனின் புரோகிராமில் அப்படி ஒரு வரி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மைனஸ் 127 என்பது சென்ஸாரிடமிருந்து பதிலே வரவில்லை என்பதற்கு, புரோகிராம் போட்டுக்கொள்ளும் எண். இது வயர் சமாசாரம். புரூடருக்குள் ஈரமும் அமோனியா வாடையும் தூசியும் எப்போதும் இருக்கும். சும்மா செருகிவைத்த ஜம்பர் வயர் முனைகள் அங்கே சீக்கிரம் களிம்பேறிவிடும். இணைப்புகளை சால்டர் செய்து டியூப் போட்டு மூடுங்கள். பெரும்பாலும் சிவப்பு பிளஸ், கறுப்பு கிரவுண்டு, மஞ்சள் டேட்டா என்று இருக்கும். ஆனால், கடைக்குக் கடை நிறம் மாறுவதால், வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றிக் கொடுத்தால் சென்ஸார் தொட முடியாத அளவுக்குச் சுடும். டேட்டா வயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கக் கோடுகள் உள்ளது) கட்டாயம் இருக்க வேண்டும். அது விட்டுப்போனாலும் மைனஸ் 127-தான் வரும். சென்ஸாருக்கான மின்சாரத்தையும் 3.3 வோல்ட் பின்னிலிருந்தே எடுங்கள்.

கேமரா ஆன் ஆகாததற்கு அந்த ரெசிஸ்டரே காரணமாக இருக்கலாம். வயரை மாற்றிக் கொடுத்தது ஐ.ஓ 12 என்று அச்சிட்ட பின்தானா என்று பாருங்கள். மின்சாரம் வந்த நொடியில் போர்டு அந்தப் பின்னைப் பார்த்துத்தான், தன் நினைவக சிப்புக்கு எத்தனை வோல்ட் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. ரெசிஸ்டர் அதை 3.3 பக்கம் இழுத்துப் பிடித்திருந்தால், 3.3-க்குப் பதில் 1.8 வோல்ட் போய், போர்டு எழுந்திருக்காது. ஐ.ஓ 0, ஐ.ஓ 2 ஆகியவையும் போர்டு ஆன் ஆவதோடு சம்பந்தப்பட்டவை. ஐ.ஓ 4 ஃப்ளாஷ் விளக்குக்கு, ஐ.ஓ 16 உள் நினைவகத்துக்கு. மெமரி கார்டு போடாமல், ஐ.ஓ 13-ல் டேட்டா வயரைக் கொடுப்பதுதான் தொல்லையில்லாத வழி.

இத்தனையும் செய்தபின் சென்ஸாரைச் சோதிக்க ஒரு டம்ளர் போதும். ஐஸ்கட்டியைப் பொடித்துப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சென்ஸாரின் இரும்புக் குழாயை உள்ளே வைத்துக் கலக்குங்கள். சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு அரை டிகிரி முன்பின்னாக நின்றால் சென்ஸார் நல்ல சென்ஸார். மாட்டும்போது பல்புக்கு நேர் கீழே வேண்டாம். குஞ்சின் முதுகு உயரத்தில், பல்பு வட்டத்தின் ஓரத்தில் இருக்கட்டும். போர்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போர்டின் சூட்டையும் சேர்த்துக் காட்டும்.

ரிலேவை மறுபடி இணைக்கும் முன் இரண்டு வேலைகள். ஒன்று, 85, மைனஸ் 127 என்று வந்தால் அந்த எண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி அளக்கவும், தொடர்ந்து வந்தால் போனுக்குச் செய்தி அனுப்பவும் புரோகிராமில் சேர்க்க வேண்டும். மற்றொன்று, பல்புகளில் பாதியை நேரடி சுவிட்ச்சிலும் பாதியை மட்டும் ரிலேவிலும் கொடுங்கள். போர்டு எந்தப் பக்கம் தவறினாலும் மொத்த புரூடரும் இருட்டாகாது, மொத்தமாகக் கொதிக்கவும் செய்யாது. 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். பல்புகள் வயரில் தொங்காமல் சங்கிலியில் தொங்கட்டும். கீழே இருப்பது உமியும் மரத்தூளும்.

‘‘காளான் குடிலில் டி.ஹெச்.டி 22 சென்ஸார் வைத்திருக்கிறோம். டிகிரிக்குப் பதில் ‘நேன்’ என்று வருகிறதே?’’

- கோபிசெட்டிபாளையம் பகுதி வாசகி

‘எண் இல்லை’ என்பதன் சுருக்கம் அது. இந்த சென்ஸாரை 2 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. முதலில் புரோகிராமில் அந்த இடைவெளியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், வயர் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். தண்ணீர் தெளிக்கும்போது நேராக நனையும் இடத்தில் இருந்தால் தள்ளி மாட்டுங்கள். டி.எஸ் 18பி20 போல இதற்கு இரும்பு உறை கிடையாது என்பதால், ஐஸ் தண்ணீர்ச் சோதனை இதற்கு ஆகாது.