அரண்மனையில் ஒரு ராத்தங்கல்

வெளியூருக்குப் போனால் எங்கே தங்குவது என்ற கவலை நம் முன்னோர்களுக்கு அதிகமாக இருந்ததில்லை. உறவினர் வீடு இருந்தால் உறவினர் வீடு, இல்லாவிட்டால் சத்திரம், சத்திரமும் இல்லாவிட்டால் கோயில் மண்டபம். பிறகு ஹோட்டல்கள் வந்தன. உறவினர் செய்யும் உபசாரத்தில் பாதியையாவது ஹோட்டல்காரர் செய்துவிடுகிறார். உறவினர் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்பதில்லை. ஆகவே, ஹோட்டல்கள் பெருகியதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இந்தக் காலத்துப் பிரயாணிகளுக்கு இன்னொரு வசதியும் ஏற்பட்டிருக்கிறது. ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனையிலும், படைகள் காவல் புரிந்த கோட்டையிலும், சந்நியாசிகள் இருந்த மடத்திலும்கூட வாடகை கொடுத்துத் தங்கலாம். இதைக் கேட்டதும் சிலருக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. சிலருக்குக் கோபம் வருகிறது. கோபத்திலும் இரண்டு வகை உண்டு. "மகாராஜா படுத்த இடத்தில் காசுள்ளவன் எவனும் காலை நீட்டிப் படுப்பதா?" என்பது ஒரு வகை. "ஊரார் உழைப்பில் எழுந்த கட்டிடத்துக்குள் காசில்லாதவன் எட்டிப் பார்க்கவும் கூடாதா?" என்பது மற்றொரு வகை. முதல் கோபத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாவது கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைச் சற்று விசாரித்துப் பார்க்கலாம்.

முதலில் உதயபுரிக்குப் போவோம். அந்த ராஜ்யத்தின் அரசர்களுக்கு மகாராணா என்று பட்டம். மகாராணா இரண்டாம் ஜகத் சிங் என்பவர் பிசோலா ஏரியின் நடுவிலுள்ள தீவு ஒன்றில், கோடை காலத்தில் தங்குவதற்காக, 1743-ம் ஆண்டு முதல் 1746-ம் ஆண்டு வரையில் ஒரு சலவைக்கல் மாளிகை கட்டினார். ஜக் நிவாஸ் என்பது அதன் பெயர். தண்ணீரின் மீது மிதப்பதுபோல் தோன்றும் இந்த மாளிகையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் இரு நூறு வருஷம் தண்ணீரின் நடுவில் நிற்கும் கட்டிடத்துக்கு, அதன் அழகே ஆபத்தாகவும் முடிகிறது. ஓயாமல் ஈரம் ஏறும், காரை உதிரும், கூரை ஒழுகும். ராஜ்யமும் வரி வசூலும் இருந்தவரையில் பழுது பார்ப்பதற்குப் பணம் இருந்தது. 1948-ல் உதயபுரி ராஜ்யம் ராஜஸ்தானத்தில் சேர்ந்த பிறகு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மகாராணா பகவத் சிங் யோசித்தார். மாளிகையை ஹோட்டலாக மாற்றினார். 1963-ல் அது திறக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1957-ல், ஜயப்பூர் மகாராஜா இரண்டாம் ஸவாய் மான் சிங் தாம் வசித்து வந்த ராம்பாக் அரண்மனையை ஹோட்டலாக்கி வழி காட்டியிருந்தார். அப்போது இது சமஸ்தானாதிபதிகளிடையே பெரிய பரபரப்பை உண்டாக்கியிருக்க வேண்டும். 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தத்தினால் ராஜ மானியங்கள் நிறுத்தப்பட்டன. அதன் பிறகு பரபரப்பு அடங்கிவிட்டது. கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அரண்மனைகளின் மேல் தளத்தில் அரசமரக் கன்று முளைத்தது. கௌரவத்தைச் சற்று ஒதுக்கி வைத்த அரண்மனைகள் நிமிர்ந்து நின்றன.

பழைய கட்டிடத்துக்கு மழையையும் வெயிலையும்விடப் பெரிய சத்துரு, அதில் ஆள் இல்லாமல் இருப்பதுதான். இதற்கு ராஜபுதனம் வரையில் போக வேண்டியதில்லை. நம் செட்டிநாட்டைப் பார்த்தாலே போதும். பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பொருளைக் கொண்டு, பர்மாத் தேக்கினால் தூண் நிறுத்தி, வீதிக்கு வீதி நீளும் வீடுகளை நகரத்தார் கட்டினார்கள். யுத்தம் வந்தது, 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று, வியாபாரம் குலைந்தது. குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போயின. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் என்றால் ஒழுகும் ஓட்டை மாற்றுவது யார்? எத்தனையோ வீடுகள் இடிக்கப்பட்டன. தூண் ஒரு பக்கமும் நிலைக்கதவு ஒரு பக்கமுமாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அதே செட்டிநாட்டில் கானாடுகாத்தான், கடியாபட்டி போன்ற ஊர்களில் சில வீடுகள் பிரயாணிகள் தங்கும் விடுதிகளாயின. அவை இன்றைக்கும் முழுசாக நிற்கின்றன. தூண் தூணாகக் கடைக்குப் போவதைவிட வீடு வீடாகவே இருந்து வாடகை சம்பாதிப்பது மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

ஆகவே, ஹோட்டலாக்குவது நல்ல காரியந்தான். ஆனால் அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறதா?

ஜோத்பூரில் உமைத் பவன் என்று ஓர் அரண்மனை இருக்கிறது. அறைகள் மட்டும் 347. மார்வார் பிரதேசத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, ஜனங்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்க வேண்டும் என்று மகாராஜா உமைத் சிங் 1929-ல் இதற்கு அஸ்திவாரம் போட்டார். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலை செய்தார்கள். காரை இல்லாமலே கல்லோடு கல்லைக் கவ்வவிட்டு எழுப்பிய சுவர்கள் அதன் விசேஷம். 1943-ல் வேலை முடிந்தது. மகாராஜா அதில் வாழ்ந்தது நாலே வருஷம், 1947-ல் காலமானார். இன்று அதன் ஒரு பகுதியில் ராஜ குடும்பத்தார் வசிக்கிறார்கள்; ஒரு பகுதி ஹோட்டல்; ஒரு பகுதி பொருட்காட்சிசாலை.

மூன்றாவதாகச் சொன்ன பகுதியில்தான் நமக்கு அக்கறை. அந்த ஹோட்டலில் ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் தொகையில் நம்மைப் போன்ற குடும்பம் ஒரு மாதம் சௌக்கியமாகக் காலட்சேபம் செய்யலாம். ஆனால் பொருட்காட்சிசாலைக்குச் சிறு கட்டணந்தான். பஞ்சத்தில் கல் சுமந்தவனுடைய பேரன், தன் பாட்டன் சுமந்த கல் எங்கே நிற்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம். உதயபுரித் தீவு மாளிகையோ பொதுவாக அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டுமே உரியது. மற்றவர்கள் கரையிலிருந்து தரிசனம் செய்ய வேண்டியதுதான். ஆயினும் நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? கரையிலுள்ள பெரிய அரண்மனையின் பெரும் பகுதியைப் பொருட்காட்சிசாலையாக ஜனங்களுக்குத் திறந்துவிட்டவர்களும் அந்த ராஜ குடும்பத்தார்தான். இப்படி ஒரு வாசலாவது திறந்திருக்கும் இடத்தில் யாருக்கும் மனத்தாங்கல் ஏற்படுவதில்லை. எல்லா வாசல்களிலும் சேவகன் நின்று, "ஹோட்டலில் தங்குகிறவரா?" என்று கேட்கும் இடத்தில்தான் மனத்தாங்கல் ஏற்படுகிறது.

இந்த விஷயத்தில் ஸ்பெயின் தேசத்தாரிடம் நாம் கற்றுக்கொள்ளக்கூடியது உண்டு. அங்கே 1928 முதல் சர்க்காரே பிரயாணி விடுதிகளை நடத்தி வருகிறது. பரதோர் என்று அவற்றுக்குப் பெயர். பாழடைந்த கோட்டைகள், மடங்கள், பிரபுக்களின் மாளிகைகள் முதலியவற்றைப் புதுப்பித்து விடுதிகளாக்கினார்கள். இப்போது நூற்றுக்குச் சற்றுக் குறைவான விடுதிகள் இருக்கின்றன. பிரயாணிகள் எட்டிப் பாராத சிற்றூர்களிலும் அவை இருப்பதால், அந்த ஊர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறது.

அவற்றுள் ஸாந்தியாகோ நகரத்து விடுதியின் வரலாறு ரஸமானது. கிறிஸ்தவ யாத்திரிகர்கள் பல நூறு மைல் கால்நடையாக நடந்து அந்த க்ஷேத்திரத்துக்கு வருவது ஆயிரம் வருஷத்து வழக்கம். களைத்தும் நோயுற்றும் வந்து சேரும் அவர்களுக்காக, பெர்டினண்டு அரசரும் இஸபெல்லா ராணியும் 1499-ல் ஓர் ஆஸ்பத்திரியும் சத்திரமும் கட்ட உத்தரவிட்டார்கள். 1954-ல் அது உயர்தர ஹோட்டலாக மாறியது. ஆனால், நடந்து வரும் யாத்திரிகர்களில் தினந்தோறும் முதல் பத்துப் பேருக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் வழக்கம் ஹோட்டலான பிறகும் தொடர்ந்தது. பத்துப் பேர் சாப்பாட்டினால் ஹோட்டல் நஷ்டப்பட்டுவிடாது. அந்தக் கட்டிடம் யாருக்காக எழுந்தது என்பதை மட்டும் அது மறக்கவிடாது.

நம் நாட்டில், 1950-க்கு முன் கட்டிய மாளிகைகளையும் கோட்டைகளையும் ஹோட்டலாக நடத்துவோருக்கு இந்திய சர்க்கார் பாரம்பரிய ஹோட்டல் என்று தனி அந்தஸ்து கொடுக்கிறது. கொடுக்கட்டும். அதற்குப் பதிலாக ஒன்று கேட்கலாம். வருஷத்தில் சில நாட்களாவது அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பொது ஜனங்களும் உள்ளே வந்து முக்கியமான மண்டபங்களைப் பார்ப்பதற்கு அனுமதிக்க வேண்டும். இது நடவாத காரியம் அல்ல. இங்கிலாந்தில் சிறப்பு வாய்ந்த பழைய மாளிகைக்கு வாரிசு வரியிலிருந்து விலக்குப் பெறும் சொந்தக்காரர், அதை ஜனங்கள் பார்ப்பதற்குத் திறந்து வைக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. பிரபுக்களிடம் பெரு மரியாதை காட்டும் அந்த நாட்டிலேயே இது சாத்தியமானால், ஜனநாயகக் குடியரசில் ஏன் சாத்தியமாகாது?

சர்க்கார் செய்ய வேண்டியது இருக்கட்டும். அம்மாதிரி இடங்களில் தங்கப் போகும் நேயர்களும் சில கேள்விகள் கேட்கலாம். முதலாவது, "பழைய கட்டிடத்தில் இடம் தருகிறீர்களா, பக்கத்தில் புதிதாகக் கட்டிய பகுதியிலா?" என்பது. அரண்மனை வாடகை கொடுத்துவிட்டு, அரண்மனையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. இரண்டாவது, "இந்த அறை முன்பு என்னவாக இருந்தது?" என்பது. ராணியின் அந்தப்புரம் என்று ஒரே அடியாகச் சொல்லிவிடுகிறவரைக் காட்டிலும், தானியக் களஞ்சியம் என்றோ குதிரை லாயம் என்றோ தயங்காமல் சொல்லுகிறவரை நம்பலாம். மூன்றாவது, "சுவரைப் பழுது பார்த்தது சுண்ணாம்பிலா, சிமெண்டிலா?" என்பது. பழைய சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளிவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, நாளடைவில் கல்லையும் செங்கல்லையும் அரித்துவிடும். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லுகிற முதலாளி, கட்டிடத்தை உண்மையில் நேசிக்கிறவர். தங்குவதற்குச் செலவு கட்டாவிட்டால், ஒரு வேளைச் சாப்பாடோ ஒரு காப்பியோ சாப்பிட்டுவிட்டுக் கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்கவும் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். குழந்தைகளுக்கு அது ஒரு சரித்திர பாடம்.

கடைசியில் மைசூரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே லலித மகால் என்ற வெள்ளை மாளிகைக்கு 1921-ல் அஸ்திவாரக் கல் நாட்டியவர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார். வைஸ்ராய் விஜயம் செய்யும்போது தங்குவதற்கென்றே அது கட்டப்பட்டது. மைசூர் ஜனங்களின் பணத்தில் அந்நிய ராஜப் பிரதிநிதிக்கு ஜாகை! காந்தி மகான் ஒத்துழையாமையை நடத்திக்கொண்டிருந்த சமயம் அது. பிறகு வைஸ்ராய்களும் போனார்கள். வைஸ்ராய் பதவியும் போயிற்று. 1974-ல் அந்த மாளிகை ஹோட்டலாயிற்று. வைஸ்ராய் ஏறிய அதே சலவைக்கல் படிகளில் நம் ஊர்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு ஏறிப் போய், சாவகாசமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டன. சுயராஜ்யம் வந்ததற்கு எத்தனையோ அத்தாட்சிகள் உண்டு. இதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த இட்லிக்கும் காசில்லாதவர்கள் உள்ளே வந்து மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போவதற்கு ஒவ்வோர் அரண்மனை ஹோட்டலிலும் ஒரு வாசல் திறந்திருக்குமானால், அந்த அத்தாட்சி பூர்த்தியாகும்.