சின்னப் பெட்டியும் பெரிய கூடமும்

சென்ற வாரம் தாம்பரத்திலுள்ள நமது இல்லத்துக்கு ஒரு புதிய விருந்தாளி விஜயம் செய்தார். ஆகிருதி தீப்பெட்டியளவு, கீர்த்தியோ அபாரம். பழைய தொலைக்காட்சியின் முதுகிலுள்ள ஹெச்டிஎம்ஐ துவாரத்தில் அவரைச் செருகி, வைஃபையுடன் சேர்த்துவிட்டால், இணையத்திலுள்ள படங்களெல்லாம் நம் கூடத்துக்கே வந்துவிடும்.

சிக்கனத்தை உத்தேசித்து, தொலைக்காட்சியின் யுஎஸ்பி துவாரத்திலிருந்தே மின்சாரம் கொடுத்தேன். விருந்தாளி அடிக்கடி மூர்ச்சை போட்டார். அவருக்குரிய அடாப்டரைச் சுவரில் மாட்டிய பிறகே தெளிந்தார். உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 3 ஜிபி ஆகாரம் வேண்டும் என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நலம்.

பிறகுதான் உண்மையான சங்கடம் ஆரம்பித்தது. எதைப் பார்ப்பது? பையனுக்குக் கிரிக்கெட், பெண்ணுக்குக் கொரியத் தொடர், என் தாயாருக்குப் பழைய படம். ஒன்றரை மணி நேரம் பட்டியலையே பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கைப்பேசியுடன் கலைந்தோம்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கிற்று. பின்னாளில் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்றால், பெட்டியுள்ள வீட்டில் அண்டை அயலாரெல்லாம் கூடிவிடுவார்கள். தேர்ந்தெடுக்கும் பாக்கியம் அவர்களுக்கு இல்லை. சேர்ந்து பார்க்கும் பாக்கியம் இருந்தது.

"ஏனப்பா, இத்தனை சின்னப் பெட்டிக்குள் அத்தனை படம் அடங்குகிறது, இவ்வளவு பெரிய கூடத்தில் நாம் ஐந்து பேர் அடங்க மாட்டோமா?" என்றார் தாயார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் தேர்வு தாயாருடையது. நேற்று முழுப் படமும் பார்த்தோம். பையன்கூட எழுந்து போகவில்லை.