400 காட்டும் மீட்டரை நம்பலாமா?

கரியமில வாயுக் கருவி என்று இணையத்தில் தேடினால் பர்னர், சிலிண்டர், ரெகுலேட்டர் என்று வாயுவை அறைக்குள் ஏற்றும் சாமான்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். அவை குளிர்நாட்டுப் பசுமைக்குடில்களுக்கானவை. நெதர்லாந்தில் ராட்டர்டாம் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 2005 முதல் குழாய் வழியாகவே குடில்களுக்கு இந்த வாயு போகிறது. சேலம், நாமக்கல் வெயிலில் நாம் பாலிஹவுஸின் பக்கத் திரையைப் பகல் முழுக்கச் சுருட்டி வைக்கிறோம். அதற்குள் வாயு விடுவது காசைக் காற்றில் விடுவதுதான். அந்தப் பேச்சை இதோடு விடலாம்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் காளான்காரர்கள். நமக்கு வேண்டியது வாயுவை வெளியேற்ற ஒரு ஃபேன், எப்போது வெளியேற்றுவது என்று சொல்ல ஒரு மீட்டர். ஃபேனில் ஏமாற இடமில்லை. மீட்டரில் நிறைய இருக்கிறது.

பால் காளானுக்கு இந்தத் தலைவலி குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக விளையும்; பாதி மண்ணுக்குள் இறக்கிய, நீல ஷீட் போர்த்திய குடில் போதும். சிப்பிக் காளானை சித்திரையிலும் எடுக்க நினைப்பவர்கள்தான் ஏசி மாட்டி, சந்து பொந்தையெல்லாம் அடைக்கிறார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. படுக்கைகள் விடும் மூச்சு அறையிலேயே தங்கிவிடும். வித்து பரவும் நாட்களில் சில ஆயிரம் பிபிஎம் இருந்தாலும் பாதகமில்லை. மொட்டு விட்டபின் 1000-க்குள் வைத்திருக்க வேண்டும். மீறினால் காம்பு நீண்டு, தலை சிறுத்து, ஆணி ஆணியாக வரும். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் அந்த அறுவடை கையை விட்டுப் போயிருக்கும்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பாதி கரியமில வாயுவையே அளப்பதில்லை. எம்க்யூ-135 என்ற, கம்பி வலை மூடிய, தொட்டால் சுடும் சின்ன வட்டச் சென்சார் அதில் இருக்கும். அம்மோனியா, ஆல்கஹால், புகை எதற்கும் அது எகிறும். இன்னும் சில, மற்ற ஆவிகளை அளந்து, கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவை. ஸ்பிரிட்டால் கை துடைக்கிற, ஊறிய வைக்கோல் வாடை அடிக்கிற காளான் குடிலில் இவற்றின் எண்ணுக்கு மதிப்பே இல்லை. கடையில் மீட்டர் மேல் வாயால் ஊதிக் காட்டுவார்கள்; எண் ஏறும். அது சோதனையே அல்ல, நம் மூச்சில் போலி சென்சாரும் ஏறும். சானிட்டைசர் நனைத்த துணியைப் பக்கத்தில், கருவி மேல் பட்டுவிடாமல் காட்டிப் பாருங்கள். சரசரவென்று ஆயிரங்களுக்குத் தாவினால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். அசையாமல் நின்றால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வாங்க வேண்டியது என்டிஐஆர், அதாவது அகச்சிவப்புக் கதிரை இந்த வாயு எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளப்பது. ஹவாயின் மௌன லோவா மலையில் 1958-ல் கீலிங் என்ற விஞ்ஞானி காற்றை அளக்கத் தொடங்கியதும் இந்த முறையில்தான். அந்தக் கருவியையும் சும்மா விடவில்லை; அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நம்மிடம் அந்த சிலிண்டர் இல்லை என்பதால் கம்பெனிக்காரர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். தானியங்கித் திருத்தம், பெட்டியில் ஏபிசி என்று போட்டிருக்கும். மீட்டர் பார்த்த எண்களில் மிகக் குறைந்ததை வெளிக்காற்று, அதாவது 400, என்று வைத்துக்கொள்ளும். ஆபீஸ் அறைக்கு இது சரி. ராத்திரி ஆள் இல்லாதபோது காற்று உண்மையிலேயே அந்த அளவுக்கு இறங்கும். காளான் அறைக்கு இரவு பகல் ஓய்வில்லை. அறை 900-க்குக் கீழே இறங்கவே இல்லை என்று வையுங்கள். மீட்டர் அந்த 900-ஐ 400 ஆக்கிவிடும். பிறகு 1500 இருக்கும்போது 1000 என்று காட்டும், நாமும் திருப்தியாகக் கதவைச் சாத்திவிட்டு வருவோம். எம்ஹெச்-இசட்19 சென்சார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படித் திருத்திக்கொள்கிறது. வேறு சில ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். புது மீட்டர் முதல் நாள் ஒழுங்காகவும் பத்தாம் நாள் கோணலாகவும் இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே ஏபிசியை அணைக்க முடியாத மீட்டர் எவ்வளவு பெயர் பெற்றதானாலும் நமக்கு ஆகாது. அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துவந்து கையால் திருத்துவதே சரி. விடியற்காலையில் வேண்டாம், இரவெல்லாம் செடிகொடியும் மண்ணும் விட்ட வாயு அப்போது தரையோடு படிந்திருக்கும். பிற்பகலில், காற்றோட்டமான மொட்டை மாடியில் அரைமணி நேரம் வைக்கலாம். கோழிப்பண்ணைக்கு எதிர்க்காற்றில், லாரி நிற்காத இடமாகப் பார்க்க வேண்டும். நாமக்கல்லில் அதற்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். இன்றைய வெளிக்காற்று 420-க்கு மேல் என்றாலும் மீட்டர் 400 என்று வைத்துக்கொள்ளும் இருபது முப்பது வித்தியாசம் நமக்குப் பொருட்டல்ல.

அளவெல்லையையும் கேட்டு வாங்குங்கள். 2000 வரை மட்டும் காட்டும் மீட்டர் வித்து பரவும் அறையில் முட்டிக்கொண்டு நிற்கும். 5000 அல்லது 10,000 வரை போவது நல்லது. ஏற்காட்டில் அறை வைத்திருப்பவர்கள் சேலத்தில் திருத்தி எடுத்துப்போகக் கூடாது. 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மீட்டர் ஆறில் ஒரு பங்கு வரை குறைத்துக் காட்டும். அங்கேயே திருத்த வேண்டும்.

மாட்டும் இடம் படுக்கை உயரத்தில், ஃபாகரின் நேர்வீச்சுக்கு விலகி இருக்கட்டும். இந்த சென்சார்கள் 95 சதம் ஈரப்பதம் வரை தாங்கும், ஆனால் துளி கோத்தால் அவ்வளவுதான். மீட்டரோடு ரிலே வைத்து ஃபேனை ஓட்டுபவர்கள் பக்கத்திலேயே தனியாக ஒரு டைமரும் போட்டு, மணிக்குச் சில நிமிடமாவது ஃபேன் தானாக ஓடும்படி செய்துவிடுங்கள். கரண்ட் போய் வந்து மீட்டர் உறைந்து நின்றாலும், இரவு 700 என்று பொய் சொன்னாலும், விடியும்வரை அறை மூச்சு முட்டாது.