வேட்பாளரின் மதமும் மட்டக்களப்பின் வாக்கும்

மட்டக்களப்பு மாவட்டத் தமிழரில் பெரும்பான்மையினர் இந்துக்கள். அவர்களே 1994, 2000, 2001 பொதுத் தேர்தல்களில் கத்தோலிக்கரான ஜோசப் பரராஜசிங்கத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அவர் எந்த ஆலயத்தில் வழிபடுகிறார் என்பது அந்தத் தெரிவுக்குத் தடையாகவில்லை. 2005 நத்தார் திருப்பலியின்போது புனித மரியாள் பேராலயத்துக்குள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

முஸ்லிம்களின் நிலை சற்று வேறானது. கிழக்கில் முஸ்லிம் என்பது மதத்தோடு சமூக அடையாளமும் ஆகும். 1960இல் மட்டக்களப்பு இரு உறுப்பினர் தொகுதியாக்கப்பட்டது அந்தச் சமூகத்துக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்கவே. முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியும் ஏறாவூரும் தமக்கொரு குரல் தேடுவது நியாயமான அரசியல். அதை மதவெறி என்பது அநீதி. ஆனால் அந்தத் தேடலும் கண்மூடித்தனமானதல்ல. 2019 ஜனாதிபதித் தேர்தலில் காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் வேட்பாளர் ஹிஸ்புல்லாஹ்வுக்கு நாடு முழுவதும் கிடைத்தவை 40,000க்கும் குறைந்த வாக்குகளே; முஸ்லிம்களில் பெரும்பாலோர் பௌத்தரான சஜித் பிரேமதாசவையே ஆதரித்தனர்.

வேட்பாளரின் நம்பிக்கை பொது முடிவுகளைத் தீர்மானிக்குமெனில், அதுபற்றி வாக்காளர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மேய்ச்சல் தரை, வாவி மீன்பிடி, எல்லைக் காணி ஆகியவற்றில் பிற மதத்தவருக்கும் அவர் நீதி செய்வாரா என்பதே அந்தக் கேள்வி. தெய்வ தண்டனையைக் காட்டி வாக்குக் கேட்பதோ 1981ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி குற்றம்.