டிரவுட் மீனும் நம் ஏரி மீனும்

சென்ற மாதம் திருவண்ணாமலையில் நடந்த பயிற்சி வகுப்பு முடிந்ததும், கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, ஊட்டியில் டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாமே, நம் பண்ணைக் குட்டையில் விட்டால் வருமா?" என்று கேட்டார். அவருடைய மகன் சுற்றுலா போனபோது அவலாஞ்சியில் அந்த மீன் பண்ணையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து சொன்னானாம்.

வராது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. டிரவுட் குளிர் நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் நன்றாக மேயும். 20 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறைந்துவிடும். 25 டிகிரியில் உயிர் பிழைப்பதே கஷ்டம். நம் கிணற்றுத் தண்ணீர் மார்கழி விடியற்காலையில்கூட வெதுவெதுவென்று இருக்கிறது. ஆகவே அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் டிரவுட் மீனை விட்டாலும், அது நீலகிரியில் நிலைத்த கதையை நம் விவசாயிகள் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

டிரவுட் நீலகிரிக்குச் சொந்தமான மீன் அன்று. இன்று அங்கே உள்ள வானவில் டிரவுட்டின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதி. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து எச்.சி.வில்சன் என்பவர் காலத்தில், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து முட்டைகள் வந்து, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகே அது வேர் பிடித்தது. இலங்கை நுவரெலியாவிலும், மூணாறு மலையிலும், காஷ்மீரிலும் இதே போன்ற கதைதான். தூண்டில் போடும் ஆசை கொண்ட வெள்ளையர்கள் தங்கள் ஊர் மீனைத் தேடிக் கொண்டுவந்து விட்டார்கள்.

தூண்டில் என்றால் நாம் மண்புழுவைக் கோத்துப் போடுவது போன்றதல்ல. முள்ளில் நூலும் இறகும் சுற்றி, தண்ணீரில் விழும் ஈயைப் போலவே செய்வார்கள். அந்தப் பொய் ஈக்குக் கனமே கிடையாது. கயிற்றின் கனத்தை வைத்துத்தான் நீளமான கோலால் வீசுவார்கள். நம் ஜவ்வாது மலையிலும் உள்ள காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்கு, இந்த ஈ கட்டுவதற்காகவே வெளிநாடுகளில் ஒரு காலத்தில் ஏக கிராக்கி. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பறவையைத் தொட முடியாது. அதுவும் நல்லதுதான்.

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் நீலகிரிக்குப் போயிருந்தபோது, எமரால்டு பக்கத்து ஓடை ஒன்றில் முதியவர் ஒருவர் இப்படி மீன் பிடிப்பதைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் காத்து ஒரு மீன் பிடித்தார். கோலின் கைப்பிடியில் வெட்டியிருந்த அடையாளத்தோடு வைத்து அளந்தார். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, மீனை மெல்ல ஓடையில் விட்டுவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "ஏன் சார் விட்டுவிட்டீர்கள்?" என்றேன். "இது இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடவில்லை" என்றார். கை ஏன் நனைத்தீர்கள் என்றும் கேட்டேன். உலர்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழவழப்பு போய்விடும், பிறகு புண் பிடித்துச் செத்துவிடும் என்றார்.

இது அவர் ஒருவருடைய நல்ல குணம் மட்டுமல்ல, சங்கத்தின் ஒழுங்கு. நீலகிரியில் 1877-லேயே வேட்டைக்கும் மீனுக்கும் ஒரு சங்கம் ஏற்பட்டது. 1879-ல் அதற்கென்று சென்னை ராஜதானியில் தனிச் சட்டமே வந்தது. இது போன்ற சங்கங்களின் முறை எளிமையானது. சினைக் காலத்தில் ஓடையை மூடிவிடுவது, அளவுக்குக் குறைந்த மீனைத் திருப்பி விடுவது, வலைக்கு இடம் கொடாமல் தூண்டிலோடு நிறுத்துவது, உரிமத்துக்குப் பணம் வாங்குவது. சொந்த ஊர் அல்லாத ஒரு மீன் நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே தங்கியதற்குப் பொரிப்பகம் பாதி காரணம் என்றால், இந்த ஒழுங்கு மறு பாதி.

இதிலுள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். சட்டம் செய்தவர்கள் துரைமார்கள். ஓடைக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. விருந்தாளி வீட்டுக்காரனுக்கு விதி போட்ட கதை அது. விதி நல்லது, கதவைச் சாத்தியது தப்பு. நம் ஏரியில் அந்தத் தப்புக்கு இடமில்லை, ஏனென்றால் இங்கே உறுப்பினர் ஆயக்கட்டுதாரரும் ஊராருமே.

நம் ஏரிகளின் நிலை என்ன? கெளுத்தி, விரால், குரவை, உளுவை, அயிரை எல்லாம் யாரும் கொண்டுவந்து விடாமல் தாமே வந்த மீன்கள். பொரிப்பகம் கேட்காதவை. புதுத் தண்ணீர் வரத்துக் கால்வாயில் இறங்கியதும் சினை மீன்கள் எதிர் நீரில் ஏறி வரும். அந்த நேரம் பார்த்துத்தான் கால்வாயிலும் கோடியிலும் கொசுவலையைக் கட்டுகிறோம். வயிறு நிறைய முட்டையோடு வருகிற மீன் கூடையில் போகிறது. விரால் இன்னும் பரிதாபம். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும், அவற்றுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். குஞ்சைக் கண்டதும் அந்த இடத்திலேயே பெரிய மீனைக் குத்திப் பிடிப்பவர்கள் உண்டு. காவல் போனால் அந்தக் குஞ்சுகளில் எத்தனை மிஞ்சும்?

கடலுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. ஏரிக்கரையில் அப்படி ஒரு வாரத்தைக்கூட யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை.

கட்லா, ரோகு, மிருகால் விடுகிறோமே, போதாதா என்று கேட்கலாம். அவை ஓடும் ஆற்றில் முட்டையிடும் மீன்கள், தேங்கிய ஏரியில் இனம் பெருக்காது. ஆண்டுதோறும் சாத்தனூர் போன்ற பண்ணைகளில் குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. அவை குத்தகைதாரரின் வரவு. ஏழை வீட்டுக் குழம்புக்கு வருகிற அயிரையும் கெளுத்தியும் ஊரின் வரவு.

மீன்பாசி குத்தகையை ஓராண்டுக்கு ஏலம் விடுவதுதான் பல ஊர்களில் இந்தச் சீர்கேட்டின் ஆணிவேர் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு ஏரி யாருக்கோ என்னும்போது குத்தகைதாரர் ஏன் குஞ்சை விட்டுவைப்பார்? கோடையில் மீனை வாரிக்கொள்ள மதகைத் திறந்து அடிமட்டத் தண்ணீரையும் வடித்துவிடுகிறார். அவருக்கு மீன் கிடைக்கிறது, நமக்குக் கிணறு இறங்குகிறது, மாட்டுக்குத் தண்ணீர் இல்லை. நான் நன்கு அறிந்த ஓர் ஏரியில் இப்படி வடித்த ஆண்டு, கரையோரக் கிணறுகள் சித்திரையிலேயே சேறானதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே ஏலச் சீட்டிலேயே நிபந்தனை எழுத வேண்டும். குத்தகை மூன்றாண்டுக்குக் குறையக் கூடாது. புதுத் தண்ணீர் வந்த முதல் மூன்று வாரம் வரத்துக் கால்வாயிலும் கோடியிலும் யாரும் வலை கட்டக் கூடாது, குத்தகைதாரரும் சேர்த்துத்தான். கொசுவலை எப்போதுமே கூடாது. மதகு மட்டத்துக்குக் கீழ் உள்ள தண்ணீர் மீனுக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் உரியது, அதை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. மூன்று வாரம் என்பது என் கணக்கு. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மீன் ஏறும் நாளை என்னைவிட நன்றாக அறிவார்கள், அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதைச் சொன்னபோது கீழ்பென்னாத்தூர் விவசாயி சிரித்தார். "இத்தனை நிபந்தனை போட்டால் ஏலத் தொகை விழுந்துவிடும் ஐயா, தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்றார். முதல் ஆண்டு விழத்தான் செய்யும். ஆனால் மூன்றாண்டுக்கு ஏரி தன் கையில் என்று தெரிந்தால் குத்தகைதாரர் பெரிய குஞ்சாக வாங்கி விடுவார், கொசுவலைக்காரரைத் தாமே விரட்டுவார். விழுகிற தொகையையும் ஒரு கிணறு ஆழப்படுத்துகிற செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பெரிய ஏரியாக இருந்து குத்தகை மீன்வளத் துறை வழியாக நடந்தால், ஊர்த் தீர்மானத்தை அங்கே மனுவாகக் கொடுக்க வேண்டும். ஊராட்சி ஏரி என்றால் வேலை சுலபம். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கிறது. அதற்கு முன்னால் வருவது மே 1 கிராம சபை. வரத்துக் கால்வாய் ஓரம் நிலம் உள்ளவர்கள் பத்துப் பேர் சேர்ந்து போய், இந்த நிபந்தனைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.