சம்மனைக் கண்டு கதவைச் சாத்தலாமா?

சென்ற மாதச் சம்பளத்தன்று செக்ரோல் கணக்கை மூடிவிட்டு எழுந்த நேரம். ஒரு பெரியவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து, பக்கத்துப் பட்டணத்தில் ஒரு மலிவு வீட்டில் குடியிருக்கிறார். கையில் பழைய பிஸ்கட் தகரம். "கிராணி ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். தகரத்தில் ஏழு உறைகள். ஐந்து பிரிக்கப்படவே இல்லை.

மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன். வீட்டின் மேல் பாங்குக் கடன் ஏற்கெனவே இருக்க, ஒரு வட்டிக்கடைக்காரரிடம் அதே வீட்டை இரண்டாவது ஈடாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தவணை நின்றது, வக்கீல் நோட்டீஸ் வந்தது, பிறகு சம்மன். கொண்டு வந்த ஆளிடம், "தாத்தா வீட்டில் இல்லை" என்று பேரப்பிள்ளையைச் சொல்ல வைத்துவிட்டுப் பின்கட்டில் ஒளிந்திருக்கிறார். கடைசியில் கோர்ட்டு உத்தரவு வாங்கிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். "நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கலையே ஐயா, அப்புறம் கேஸ் எப்படிச் செல்லும்?" என்று என்னையே கேட்கிறார்!

தோழர்களே, இந்த ஒரு நினைப்புத்தான் நம்மவர்களைக் கவிழ்க்கிறது. 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளின்படி, சம்மனை நேரில் கொடுக்கலாம். கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். இரண்டும் பலிக்காவிட்டால், கதவில் ஒட்டவோ பத்திரிகையில் போடவோ கோர்ட்டு அனுமதி கொடுக்கும். ஒளிந்தவனுக்கு லாபம் ஒன்றுமில்லை. சம்மன் சேர்ந்த 14 நாட்களுக்குள் ஆஜராவதாகப் பத்திரம் தாக்கல் செய்யாவிட்டால், கடன் கொடுத்தவர் கேட்ட தொகைக்கே தீர்ப்பு வாங்கிவிடலாம். எதிர்த்தரப்புக் கணக்கு சரியா தப்பா என்று பார்க்கக்கூட அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

கணக்கில்தானே சங்கதி இருக்கிறது? 1951-ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டபோது, ஈட்டுக் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 12, ஈடில்லாக் கடனுக்கு 18 என்று உச்ச வரம்பு கட்டினார்கள். ஒப்பந்தத்தின் பிரதியைக் கடன் வாங்குபவர் கையில் கொடுத்தாக வேண்டும். பெரியவரின் தகரத்தில் பிரதியே இல்லை. கேட்டிருக்கும் தொகையைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன், 12-க்குள் அடங்கவில்லை. சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கக்கூடிய பேச்சு, சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

இரண்டாவது ஈட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடு ஏலத்துக்குப் போனால், நில வரியும் ஏலச் செலவும் போக முதல் ஈட்டுக்காரருக்குப் பணம், அப்புறம் இரண்டாமவருக்கு, மிஞ்சினால்தான் வீட்டுக்காரருக்கு. போதாவிட்டால் குறைந்த தொகைக்கு அவர் மேலேயே வழக்கு வரும். வீடும் போய்க் கடனும் நிற்கும். கையெழுத்துப் போடும்போது இதை எவர் நம் மொழியில் எடுத்துச் சொன்னார்? "வீட்டுக் கிராண்டைக் கொடுங்கள், போதும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கல்யாணத்துக்குக் கடன் வாங்கியதைக் குறை சொல்ல நான் வரவில்லை. இப்படிக் கடன் கேட்டுப் போகிறவர்களுக்குச் சம்பளச் சான்று எழுதிக் கொடுக்கும் கை இந்தக் கைதான். "எதற்கு அண்ணே?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களை மீட்க, 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, நம் தாத்தா பாட்டிமார் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்து நிலம் வாங்கினார்கள். பேரன்மார் காலத்தில் ஒரு கையெழுத்தில் வீடு போகிறது. நம் கிளைகளோ சம்பள உயர்வுக்குக் கூட்டம் போடுகின்றன, விருந்துக்கும் கூட்டம் போடுகின்றன. ஒரு தொழிலாளிக்கு வரும் மலாய்க் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஓர் ஆளை வைக்கவில்லை. பாங்குக் கடனில் சிக்கியவர்களுக்கு 2006-இல் பாங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிலையம் காசு வாங்காமல் வழி சொல்கிறது. அதன் பெயர்கூட நம் அறிவிப்புப் பலகையில் ஏறியதில்லை.

பெரியவருக்குத் தீர்ப்பு நகல் கிடைத்து அன்றோடு 19 நாட்கள் ஆகியிருந்தன. தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள் கெடு. மறுநாளே லீவு போட்டு, பட்டணத்தில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, 26-ஆம் நாளில் மனுச் செய்தோம். விசாரணை இனிமேல்தான்.

கிளைச் செயலாளர்களுக்கு என் கோரிக்கை இது: மாதம் ஒரு மாலை, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, தபால் வாசிக்க ஒதுக்குங்கள். எங்கள் தோட்டத்தில் வரும் ஞாயிறு 4 மணிக்கு, கோயில் மண்டபத்தில் நான் இருப்பேன். பிரிக்காத உறையானாலும் அப்படியே கொண்டு வாருங்கள்.