காது கூசினால் கேலி வேண்டாமே!

சைகடெலிக் ராக் இசையில் வளர்ந்த பிங்க் ஃப்ளாய்ட் குழு 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைக் கேட்டிருக்கிறீர்களா? 'டைம்' பாட்டின் ஆரம்பத்திலேயே ஏகப்பட்ட கடிகாரங்கள் திடீரென ஒன்றாக அலறும்! ரசிகர்களுக்குச் சிலிர்ப்பு. ஒற்றைத் தலைவலிக்காரர்கள், காது கூச்சம் உள்ளவர்கள் பலருக்கோ நிஜமான வேதனை. "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று கிண்டலடிக்காதீர்கள். அது பயமில்லை, சாதாரண ஒலியே அவர்களுக்குப் பெரிதாகத் தாக்குகிறது.

உங்களுக்கும் அப்படியா? ஹெட்போனைக் கழற்றுங்கள். ஸ்பீக்கரில், வால்யூமைக் குறைத்துக் கேளுங்கள். தாங்கலையா, நிறுத்திவிடுங்கள். அதற்காக நாள் முழுக்கக் காதில் பஞ்சு வேண்டாம். கூச்சம் இன்னும் கூடிவிடலாம். காது டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களே, 'சத்தத்தைக் குறை' என்றால் உடனே குறையுங்கள். உங்கள் ரசனை ஒன்றும் குறைந்துவிடாது!